ஜெயிச்ச கேஸ், மூடின கம்பெனி

2009 செப்டம்பரில், அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில், வியோ என்ற ஸ்டார்ட்அப் ஒரு பெரிய வழக்கில் ஜெயித்தது. எதிரில் நின்றது உலகத்திலேயே பெரிய இசை நிறுவனமான யுனிவர்சல் மியூசிக். ஜூரி முன்னால் விசாரணை என்ற கட்டத்துக்கே போகவில்லை. அதற்கு முன்பே, சட்டம் வியோ பக்கம்தான் என்று நீதிபதி முடிவு சொல்லிவிட்டார். இதுக்கு மேல ஒரு கம்பெனிக்கு என்ன வேணும்?

ஐந்தே மாதம். 2010 பிப்ரவரியில் வியோ திவால் என்று அறிவித்துக் கடையை மூடியது.

தோற்றவன் மூடினால் புரிகிறது. ஜெயித்தவன் ஏன் மூட வேண்டும்? ஸ்டார்ட்அப் ஆரம்பிக்கணும்னு ஹாஸ்டல் ரூமில் ராத்திரி இரண்டு மணி வரை பேசுகிறோம். எக்ஸல் ஷீட்டில் சர்வர் செலவுக்கு ஒரு வரிசை இருக்கும், சம்பளத்துக்கு ஒன்று, விளம்பரத்துக்கு ஒன்று. "நம்ம மேல யாராவது கேஸ் போட்டா?" என்பதற்கு மட்டும் வரிசை இருக்காது. அந்த வரிசையில் என்னென்ன வரும் என்று வியோவை வைத்தே பார்ப்போம், வாங்க.

வியோ சான் டியாகோ நகரத்துக் கம்பெனி, நிறுவனர் டிமிட்ரி ஷபிரோ. யூடியூப் மாதிரியே யார் வேண்டுமானாலும் வீடியோ ஏற்றலாம், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். காசில்லாத கம்பெனி என்று நினைத்துவிடாதீர்கள். சுமார் 7 கோடி டாலர் முதலீடு வந்திருந்தது. போட்டவர்களில் டிஸ்னியின் முன்னாள் தலைவர் மைக்கேல் ஐஸ்னரும் உண்டு, டைம் வார்னரும் உண்டு, இன்டெலும் உண்டு. சினிமா உலகத்து ஆட்களே நம்பிப் பணம் போட்ட இடம்.

பிரச்சினை எங்கே வந்தது என்று நீங்களே யூகித்திருப்பீர்கள். ஜனங்கள் சொந்த வீடியோ மட்டுமா ஏற்றுவார்கள்? யுனிவர்சலின் பாடல்களும் ஏறின. இதற்காகவே அமெரிக்காவில் 1998-ல் வந்த சட்டம் ஒன்று இருக்கிறது, சுருக்கமாக டி.எம்.சி.ஏ. அடுத்தவர் ஏற்றிய சமாசாரத்துக்குத் தளம் நடத்துகிறவர் பொறுப்பில்லை. ஆனால் சில நிபந்தனைகள்: திருட்டுச் சரக்கு என்று தெரிந்தால் உடனே எடுக்க வேண்டும், புகார் வந்தால் எடுக்க வேண்டும், திரும்பத் திரும்பச் செய்கிறவரின் கணக்கை மூட வேண்டும். இதையெல்லாம் செய்தோம் என்று வியோ சொன்னது. செய்தது போதாது என்று யுனிவர்சல் 2007 செப்டம்பரில் வழக்குப் போட்டது.

இதில் ஒரு கொடுமையைக் கவனியுங்கள். அதற்கு முந்தைய ஆண்டே, வயது வந்தோருக்கான படங்கள் எடுக்கும் ஐஓ குரூப் என்ற நிறுவனம் இதே மாதிரி வழக்கை வியோ மேல் போட்டிருந்தது. 2008 ஆகஸ்டில் அதில் வியோ ஜெயித்தது. சட்டக் கேள்வி கிட்டத்தட்ட ஒன்றேதான். ஆனாலும் யுனிவர்சல் அந்த வழக்கில் இல்லாததால் அந்தத் தீர்ப்பு யுனிவர்சலைக் கட்டுப்படுத்தாது. ஒரு கோர்ட்டில் பாஸான அதே பேப்பரை இன்னொரு கோர்ட்டில் முதலிலிருந்து எழுத வேண்டும், இரண்டாவது முறையும் ஃபீஸ் கட்டி.

பயப்படாமல் எதிர்த்து நிற்பதும் லேசில்லை. அமெரிக்கக் காப்புரிமைச் சட்டப்படி, தெரிந்தே மீறியதாக நிரூபணமானால் ஒரு படைப்புக்கு 1,50,000 டாலர் வரை தீட்டலாம். நஷ்டம் எவ்வளவு என்று வாதி காட்டத் தேவையில்லை. ஆயிரம் பாட்டு என்று வைத்துக்கொண்டால் 15 கோடி டாலர். வியோ வாழ்நாளில் திரட்டிய மொத்தப் பணத்தைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். தலைக்கு மேல் இப்படி ஒரு எண் தொங்கும்போது வக்கீல் விஷயத்தில் யாரும் சிக்கனம் பார்க்க மாட்டார்கள்.

பணம் எங்கே போகிறது

வக்கீல் ஃபீஸ் என்றதும் சினிமாவில் வருகிற கோர்ட் காட்சிதான் நமக்கு ஞாபகம் வரும். கறுப்பு கோட்டு, மேஜையில் தட்டுவது, "மை லார்ட்". அமெரிக்கக் கம்பெனி வழக்குகளில் பணத்தைத் தின்பது அந்தக் காட்சி அல்ல. அதற்கு முந்தைய டிஸ்கவரி என்ற கட்டம்தான்.

டிஸ்கவரி என்றால், வழக்குக்குத் தொடர்புள்ள ஆவணங்களை இரண்டு தரப்பும் ஒருவருக்கொருவர் கொடுக்க வேண்டும். ஆவணம் என்றால் ஃபைல் கட்டு மட்டும் இல்லை. மின்னஞ்சல், சாட், டிசைன் குறிப்பு, பக் ரிப்போர்ட், சர்வர் லாக் எல்லாமே. கேஸ் வரும் என்று தெரிந்த நிமிஷத்திலிருந்து எதையும் அழிக்கக் கூடாது. முப்பது நாளில் தானாக அழிகிற பேக்கப்பை நிறுத்தி வை என்று அட்மினுக்கு உத்தரவு போகும். அழித்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்க வக்கீல்கள் எல்லோரும் சொல்கிற உதாரணம் சுபுலேக் என்ற பெண் யு.பி.எஸ். வங்கி மேல் போட்ட வழக்கு. ஊழியர்கள் மின்னஞ்சல்களை அழித்திருந்ததால், போன மெயில்கள் வங்கிக்குப் பாதகமானவை என்று ஜூரி எடுத்துக்கொள்ளலாம் என நீதிபதி சொல்லிவிட்டார். 2005-ல் ஜூரி கொடுத்த தொகை சுமார் 2.93 கோடி டாலர்.

எல்லாவற்றையும் சேர்த்தாச்சு. அப்படியே ஹார்ட் டிஸ்கில் போட்டுக் கொடுத்துவிட முடியுமா? முடியாது. உங்களுக்கும் உங்கள் வக்கீலுக்கும் நடந்த பேச்சு அதில் இருக்கும், அதை எதிராளிக்குக் கொடுக்க வேண்டியதில்லை. சம்பந்தமில்லாத ரகசியங்கள் இருக்கும். ஆகவே ஒவ்வொன்றையும் ஒரு மனிதர், பெரும்பாலும் மணிக்கணக்கில் பில் போடுகிற ஒரு வக்கீல், திறந்து படிக்க வேண்டும். ராண்ட் ஆய்வு நிறுவனம் 2012-ல் பெரிய கம்பெனிகளின் வழக்குகளை எடுத்து இந்தச் செலவைப் பிரித்துப் பார்த்தது. தகவலைத் திரட்ட 8 சதவீதம், அதைப் பிராசஸ் செய்ய 19 சதவீதம், மீதி 73 சதவீதம் படித்துப் பார்ப்பதற்கு மட்டுமே. ஸ்டோரேஜ் விலை குறைந்துவிட்டது என்று நாம் எதையும் அழிக்காமல் சேர்த்துவைக்கிறோம் இல்லையா? சேமிக்கத்தான் மலிவு. படிக்க மலிவில்லை.

பிறகு டெபோசிஷன். கோர்ட்டுக்கு வெளியே, ஒரு மீட்டிங் அறையில், சத்தியப் பிரமாணம் செய்துவிட்டு எதிர்த்தரப்பு வக்கீலின் கேள்விகளுக்குப் பதில் சொல்வது. ஃபெடரல் கோர்ட் விதிப்படி ஒரு ஆளுக்கு ஒரு நாள், 7 மணி நேரம். தனி அனுமதி இல்லாமலே ஒரு தரப்பு 10 பேர் வரை கூப்பிடலாம். கூப்பிடப்படுகிறவர்கள் யார் தெரியுமா? நிறுவனர் மட்டும் இல்லை. அந்த ஃபில்டரை எழுதினது யாரு, அந்த டேட்டாபேஸைப் பார்த்துக்கிட்டது யாரு என்று தேடி வருவார்கள். அதாவது நாலு வருஷம் கழித்து நீங்கள் உட்காரப்போகிற நாற்காலி. அந்த 7 மணி நேரத்துக்குத் தயாராகப் பல நாள் வக்கீலோடு உட்கார வேண்டும். அந்த நாட்களில் கோடு எழுதுவது யார்? அந்தச் செலவுக்கு எவரும் பில் அனுப்ப மாட்டார்கள், அதனால் எந்தக் கணக்கிலும் அது வராது. என்னைக் கேட்டால் சின்னக் கம்பெனிக்கு வக்கீல் பில்லை விடப் பெரிய அடி இதுதான்.

வியோவின் தீர்ப்பைப் படித்தால் இந்த வேலை வீணில்லை என்பதும் தெரிகிறது. அது பாதி எஞ்சினியரிங் ரிப்போர்ட் மாதிரி இருக்கும். 2006-ல் வியோ ஹேஷ் ஃபில்டர் போட்டது: ஒரு வீடியோவை எடுத்துவிட்டால் அதே ஃபைல் மறுபடி ஏறாது. ஆனால் ஃபைலில் ஒரு பிட் மாறினாலும் ஹேஷ் மாறிவிடும், உங்களுக்கே தெரியும். அதனால் 2007-ல் ஆடிபிள் மேஜிக் என்ற கம்பெனியின் ஒலிக் கைரேகைத் தொழில்நுட்பத்தைச் சேர்த்தது. பிறகு பழைய வீடியோக்கள் மேலும் அதை ஓட்டியதில் 60,000-க்கும் மேற்பட்டவை நீக்கப்பட்டன. எப்போது, எதை, ஏன் செய்தோம் என்று பதிவு இருந்ததால்தான் வியோ ஜெயிக்க முடிந்தது. அந்தப் பதிவுகளை எழுதிவைத்த பெயர் தெரியாத எஞ்சினியர்களுக்கு ஒரு சல்யூட் போடலாம்.

யூடியூப் மட்டும் எப்படிப் பிழைத்தது?

நியாயமான கேள்வி. 2007 மார்ச்சில் வயாகாம் நிறுவனம் 100 கோடி டாலருக்கு மேல் கேட்டு யூடியூப் மேல் வழக்குப் போட்டது. அதே டி.எம்.சி.ஏ. சட்டம், அதே வாதம். டிஸ்கவரியில் வயாகாம் யூடியூபின் சோர்ஸ் கோடையே கேட்டது. அது வியாபார ரகசியம், தர வேண்டாம் என்றார் நீதிபதி. ஆனால் யார் எந்த வீடியோவை எப்போது பார்த்தார் என்ற லாக் டேட்டாபேஸைத் தரச் சொன்னார். அதன் அளவு 12 டெராபைட். 2008-ல் 12 டெராபைட் என்றால் எவ்வளவு பெரிய மலை என்று யோசியுங்கள். உலகமே கூச்சல் போட்ட பிறகு பெயர்களை மறைத்துக் கொடுப்பதாக இரு தரப்பும் பேசி முடித்தார்கள்.

2010-ல் யூடியூப் ஜெயித்தது. 2012-ல் மேல்முறையீட்டில் ஒரு பகுதி திருப்பி அனுப்பப்பட்டது. 2013-ல் மறுபடி ஜெயித்தது. 2014 மார்ச்சில் இரு தரப்பும் சமாதானமாகி முடித்துக்கொண்டன, பணம் கைமாறவில்லை என்றே செய்திகள் வந்தன. ஏழு வருஷம். இதற்குள் 2010-லேயே, இந்த ஒரு வழக்குக்குக் கூகுள் சுமார் 10 கோடி டாலர் செலவழித்துவிட்டதாகப் பத்திரிகைகளில் வந்தது. வியோ தன் வாழ்நாளில் திரட்டிய பணத்தை விட அதிகம்! வித்தியாசம் புரிகிறதா? இரண்டு கம்பெனிக்கும் சட்டம் ஒன்று, முடிவும் ஏறக்குறைய ஒன்று. ஒன்றைக் கூகுள் 2006-லேயே 165 கோடி டாலருக்கு வாங்கிவிட்டது, இன்னொன்றுக்கு அப்படி ஒரு பெரிய முதலாளி இல்லை.

வியோ செத்ததற்கு வழக்கு மட்டுமே காரணம் என்று சொன்னால் அது நேர்மையில்லை. 2008 பொருளாதாரச் சரிவில் விளம்பர வருமானம் எல்லோருக்கும் அடிவாங்கியது. மூடும்போது ஷபிரோவே வழக்கையும் பொருளாதாரத்தையும் சேர்த்தேதான் சொன்னார். ஆனால் இரண்டும் தனித்தனி நோய் இல்லை. கைப்பணம் குறையும்போது புதிய முதலீடு தேடுவீர்கள். வருகிறவர் முதலில் கேட்கிற கேள்வி, "என் காசு வக்கீலுக்கா, புராடக்டுக்கா?"

அதிலும் யுனிவர்சல் இன்னொரு காரியம் செய்தது. வியோவோடு நிற்காமல் அதன் முதலீட்டாளர்கள் மூன்று பேரையும் வழக்கில் இழுத்தது: ஷெல்டர் கேபிடல், ஸ்பார்க் கேபிடல், ஐஸ்னரின் டோர்னான்ட். பணம் போட்டவன் மேலேயே கேஸ் வந்தால் அடுத்து எவன் பணம் போடுவான்? அவர்கள் மேல் வழக்கு நிற்காது என்று கோர்ட் தள்ளிவிட்டது, மேல்முறையீட்டிலும் அப்படியே. என்றாலும் அதற்குள் ஏற்பட்ட பயத்தைத் தள்ளுபடி செய்ய எந்தக் கோர்ட்டாலும் முடியாது.

ஜெயித்தால் செலவைத் திருப்பித் தர மாட்டார்களா என்று கேட்பீர்கள். இங்கிலாந்தில் பொதுவாகத் தோற்றவர்தான் கட்ட வேண்டும். அமெரிக்காவில் அவரவர் வக்கீலுக்கு அவரவரே பணம். ஜெயித்தாலும் அதே கதைதான். பதிப்புரிமை வழக்கில் நீதிபதி விரும்பினால் செலவைத் தரச் சொல்லலாம் என்று சட்டத்தில் ஒரு பிரிவு இருக்கிறது. வியோ கேட்டது. யுனிவர்சலின் வாதம் தோற்ற வாதம்தானே தவிர அபத்தமான வாதம் இல்லை என்ற ரீதியில் நீதிபதி மறுத்துவிட்டார். மேல் கோர்ட்டும் அந்த மறுப்பை மாற்றவில்லை.

இது தெரிந்ததும் அடுத்த கணக்கு தானாக வரும். என் மேல் ஒருவர் கேஸ் போடுகிறார். நான் எதிர்த்து நிற்க 20 லட்சம் டாலர் ஆகும். "2 லட்சம் கொடு, விட்டுடறேன்" என்கிறார். என் பக்கம் நூற்றுக்கு நூறு நியாயம் இருந்தாலும் கால்குலேட்டர் எந்தப் பக்கம் சாயும்? இதையே தொழிலாக வைத்திருக்கிறவர்களுக்குப் பேட்டன்ட் ட்ரோல் என்று பெயர். தயாரிப்பு எதுவும் கிடையாது, எங்கோ வாங்கிய பேட்டன்ட் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு வரிசையாக நோட்டீஸ். 2013-ல் அமெரிக்க அறிவுசார் சொத்து வக்கீல்கள் சங்கம் எடுத்த கணக்கெடுப்பில், 2.5 கோடி டாலருக்கு மேல் பணயமாக இருக்கிற பேட்டன்ட் வழக்கை விசாரணை முடியும்வரை நடத்த ஒரு தரப்புக்கு ஆகும் இடைநிலைச் செலவு 55 லட்சம் டாலர். கொடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறவர்களைக் குறை சொல்ல முடியவில்லை.

ஒரு சில முரட்டு ஆசாமிகள் கொடுக்க மாட்டார்கள். கம்ப்யூட்டர் பாகங்கள் விற்கும் நியூஎக் என்ற ஆன்லைன் கடை அப்படி ஒன்று. இணையத்தில் பொருளைத் தேர்ந்து கூடையில் போட்டு வாங்குகிற முறைக்கே தங்களிடம் பேட்டன்ட் இருப்பதாக சாவரெய்ன் என்ற நிறுவனம் சொன்னது. அமேசான் 2005-ல் 4 கோடி டாலர் கொடுத்துச் சமாதானமானது. நியூஎக் கொடுக்க மறுத்தது. 2010-ல் டெக்சாஸ் ஜூரி நியூஎக்குக்கு எதிராக 25 லட்சம் டாலர் தீட்டியது. அப்போதாவது கட்டிவிட்டுப் போயிருக்கலாம். போகாமல் மேல்முறையீடு செய்தார்கள். 1980-களிலேயே காம்புசர்வ் மால் என்ற சேவையில் இப்படி வாங்க முடிந்தது என்பதை எடுத்துப் பார்த்த மேல் கோர்ட், 2013 ஜனவரியில் அந்தப் பேட்டன்ட் உரிமைகள் செல்லாது என்றது. ஒருத்தன் முரண்டு பிடித்ததில் ஊருக்கே லாபம். ஆனால் செலவு மட்டும் அந்த ஒருத்தனோடது.

நம்ம ஊர் கணக்கு

இந்தியாவில் வக்கீல் செலவு வேறு ரகம். அமெரிக்க மாதிரி டிஸ்கவரி இங்கே கிடையாது. செலவைத் திரும்பப் பெறுவது நெடுங்காலம் வெறும் சடங்காக இருந்தது. பொய்யான வழக்குப் போட்டவரிடமிருந்து ஈட்டுத் தொகை வாங்க சிவில் நடைமுறைச் சட்டத்தின் 35ஏ பிரிவில் உச்சவரம்பு எவ்வளவு தெரியுமா? 3,000 ரூபாய். ஒரு நல்ல ஷூ விலை. 2015-ல் வந்த வணிக நீதிமன்றச் சட்டம், வணிக வழக்குகளுக்கு மட்டும் அந்த உச்சவரம்பை எடுத்துவிட்டு, பொதுவாகத் தோற்றவர் செலவைக் கட்ட வேண்டும் என்று மாற்றியது.

இங்கே பெரிய செலவு காலம்தான். அதற்கு மெக்கானிக்கல் டிபார்ட்மென்ட் ஆட்கள் அனைவரும் தெரிந்துவைத்திருக்க வேண்டிய கேஸ் ஒன்று நம் சென்னை உயர் நீதிமன்றத்திலேயே நடந்தது. 2007-ல் டி.வி.எஸ். கம்பெனி ஃப்ளேம் என்ற 125 சிசி பைக்கை அறிவித்தது. எஞ்சினில் இரண்டு ஸ்பார்க் பிளக், மூன்று வால்வு. சின்ன சிலிண்டரில் இரண்டு ஸ்பார்க் பிளக் எங்கள் டி.டி.எஸ்.-ஐ பேட்டன்ட் என்று பஜாஜ் கோர்ட்டுக்குப் போனது. மூன்று வால்வு வைத்த எங்கள் எஞ்சினே வேறு என்றது டி.வி.எஸ். 2008 பிப்ரவரியில் தனி நீதிபதி இடைக்காலத் தடை கொடுத்தார்.

தடை என்றால் என்ன அர்த்தம்? டூலிங் முடிந்து, டீலர்களுக்கு வாக்குக் கொடுத்து, விளம்பரமும் போட்டபிறகு அந்த எஞ்சினோடு வண்டியை விற்க முடியாது. யார் சரி என்ற கேள்விக்குக் கோர்ட் இன்னும் பதிலே சொல்லவில்லை, ஆனால் வண்டி நின்றுவிட்டது. டி.வி.எஸ். ஒற்றை ஸ்பார்க் பிளக் எஞ்சினோடு ஃப்ளேமை இறக்கியது. புதுசாக வைத்த அம்சத்தையே கழற்றிவிட்டு விற்பது எப்படி இருக்கும் என்று அந்த டிசைன் டீமைத்தான் கேட்க வேண்டும். 2009 மே மாதம் இரு நீதிபதி அமர்வு தடையை நீக்கியது. செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், விற்றுக்கொள்ளலாம், விற்பனைக் கணக்கை ஒழுங்காக வைத்திருக்க வேண்டும் என்றது. இந்த மாதிரி வழக்குகள் இடைக்காலத் தடையைச் சுற்றியே வருஷக்கணக்கில் ஓடுகின்றன என்று வருத்தப்பட்டு, நவம்பர் 30-க்குள் விசாரணையை முடிக்கவும் சொன்னது.

கெடு தாண்டிப் பத்து வருஷம் போனது. 2019 அக்டோபரில் இரண்டு கம்பெனிகளும் தங்களுக்குள் பேசி எல்லா வழக்குகளையும் முடித்துக்கொண்டன. அதற்கு முன்பே ஃப்ளேம் ஷோரூமை விட்டுப் போயிருந்தது.